பிளஸ் டூ பிறந்த கதை

பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது என்றால், தமிழ்நாட்டில் அந்த வீட்டின் விசேஷங்கள்கூடத் தள்ளிப்போகும். இவ்வளவு அச்சத்தோடு கழியும் அந்த இரண்டு ஆண்டுகள், வளரும் பிள்ளை தன் வழியை நிதானமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பிறந்தவை.

விதை விழுந்தது 1917ல். லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லரின் தலைமையில் கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. மெட்ரிகுலேஷன் முடித்த கையோடு பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்கள் அதற்குத் தயாராக இல்லை என்று அது கண்டது. கல்லூரியில் இருந்த இரண்டாண்டு இன்டர்மீடியட் படிப்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்றது. அதை முடித்த பிறகே பட்டப்படிப்பில் சேர்க்க வேண்டும் என்று 1919ல் பரிந்துரைத்தது. ஐக்கிய மாகாணம் 1921லேயே இதற்குத் தனி வாரியம் அமைத்தது. மற்ற பகுதிகள் பலவற்றில் அறிக்கை அறிக்கையாகவே நின்றது.

விடுதலைக்குப் பிறகு, 1952-53ல் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் வேறு கணக்குப் போட்டது. இன்டர்மீடியட்டின் ஓராண்டைப் பள்ளிக்கும் இன்னோர் ஆண்டைப் பட்டப்படிப்புக்கும் பிரித்துத் தரச் சொன்னது. இந்த ஏற்பாடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. நம் ஊரில் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. என்று அமைந்தது.

அந்த பி.யூ.சி. ஆண்டு கிராமத்துப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது. அதுவரை தமிழில் படித்தவர்கள் திடீரென்று ஆங்கில விரிவுரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். காது பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும். அந்த ஒரே தேர்வில் சறுக்கிய பலரின் படிப்பு அங்கேயே நின்றது. கல்லூரி இல்லாத ஊர்ப் பெண் பிள்ளைகளில் பலருக்கு எஸ்.எஸ்.எல்.சி.யோடு கதவு சாத்தப்பட்டது.

1964 ஜூலையில் மத்திய அரசு அமைத்த கல்வி ஆணையம் இந்தச் சிக்கலை முழுதாகக் கையில் எடுத்தது. தலைவர் இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி, செயலர் ஜே.பி. நாயக். பதினேழு உறுப்பினர்களில் கடலியல் அறிஞர் ரோஜர் ரெவெல் போன்ற வெளிநாட்டவரும் இருந்தார்கள். 1966 ஜூனில் அவர்கள் தந்த அறிக்கையிலிருந்துதான் 10+2+3 என்ற அமைப்பு நாடெங்கும் பரவியது. பத்தாண்டு எல்லோருக்கும் பொதுக்கல்வி, இரண்டாண்டு மேல்நிலை, மூன்றாண்டு பட்டம்.

வெறும் ஆண்டுக் கணக்கோடு ஆணையம் நிற்கவில்லை. மேல்நிலை மாணவர்களில் பாதிப் பேர் 1986க்குள் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. பொதுத்தேர்வுச் சான்றிதழில் பாடவாரியாக மாணவரின் நிலையைக் காட்டினால் போதும், மொத்தத்தில் தேர்ச்சி, தோல்வி என்று முத்திரை குத்த வேண்டாம் என்றது. பள்ளி ஆண்டு முழுவதும் செய்யும் அகமதிப்பீட்டையும் அதே சான்றிதழில் தனியாகக் காட்டச் சொன்னது.

1968ன் தேசியக் கல்விக் கொள்கை 10+2+3 அமைப்பை ஏற்றது. பத்தாண்டுப் பள்ளிக்கான பாடத்திட்டச் சட்டகத்தை என்.சி.இ.ஆர்.டி. 1975ல் வெளியிட்டது. சி.பி.எஸ்.இ. எனப்படும் மத்திய வாரியம் புதிய முறையில் முதல் பத்தாம் வகுப்புத் தேர்வை 1977ல் நடத்தியது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978ல் பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கின. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980ல் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையாவின் தலைமையில் தேசியக் குழு ஒன்று, 1978ல் மேல்நிலைக் கல்வியை மறுஆய்வு செய்து தொழிற்பாடங்களை வலியுறுத்தியது. தமிழ்நாடும் தொழிற்கல்விப் பிரிவைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது.

பிளஸ் டூவால் விளைந்த நன்மை பெரிது. உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாகத் தரம் உயர உயர, கல்லூரி இல்லாத ஊர்களிலும் தமிழ்வழியிலேயே இயற்பியலும் கணக்குப்பதிவியலும் படிக்க முடிந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த எத்தனையோ பேருக்கு இந்த இரண்டு ஆண்டுகள்தான் படிக்கட்டு.

ஆனால் கோத்தாரி அறிக்கையின் ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம். ஆண்டுக் கணக்கை மாற்றினோம், மதிப்பிடும் முறையைப் பழையபடியே விட்டோம். தொழிற்கல்வி இலக்கும் கைகூடவில்லை. 1986ன் தேசியக் கொள்கை, 1995க்குள் 25 சதவீதம் என்று அதைச் சுருக்கியது. மருத்துவமும் பொறியியலும் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு கட்டப்பட்டதும், அன்றிருந்த 1200 மதிப்பெண்ணே பாடத்திட்டமாகிவிட்டது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்க 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க 2025ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. தேர்வு வைத்தால் பிள்ளை தவிக்கிறது, எடுத்தால் பாடம் காணாமல் போகிறது.

இந்த இழுபறியை மதிப்பீட்டைத் திருத்தாமல் தீர்க்க முடியாது. நல்ல பாடநூல் எழுதினாலும், வினாத்தாள் மனப்பாடத்தையே கேட்டால் வகுப்பறையும் மனப்பாடத்தைத்தான் கற்றுத்தரும். ஆசிரியரின் ஆண்டு முழுவதுமான மதிப்பீட்டை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற பயிற்சியும் மேற்பார்வையும் அவருக்குத் தர வேண்டும். தொழிற்பிரிவில் படித்த பிள்ளைக்கும் மேற்படிப்பின் வாசல் திறந்திருக்க வேண்டும். 1966ல் எழுதப்பட்ட அந்த மறுபாதியை நிறைவேற்றும் அரசுதான் பிளஸ் டூவை முழுமையாக்கும்.