293318625600

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட உயர் பகு எண். பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்கு ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2) வகுஎண்கள் 5040. அந்த 5040-ம் உயர் பகு எண்தான். அதன் வகுஎண்கள் 60, அதுவும் அப்படியே. அழகான சங்கிலி!

ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையில் இத்தகைய எண்கள் 102 உள்ளன. கடைசி எண் 6746328388800. அந்த எல்லைக்குள் விடுபட்டது 293318625600 ஒன்றே. கணிப்பொறி இல்லாமல் கையால் போட்ட கணக்கு என்பதால், விடுபட்ட ஒன்றைவிடக் கண்டுபிடித்த 102 எண்களே வியக்க வைக்கின்றன. இந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் இக்கதையில் இடமுண்டு. 1910-இல் வேலை தேடி ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களுடன் வந்தது திருக்கோவிலூருக்கு. அங்கே துணை ஆட்சியராக இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்தத் திறமையைக் குமாஸ்தா வேலையில் முடக்க மனமின்றி, அறிமுகக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.