சொல்லின் இயல்பான பொருளும் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையும்

சட்டச் சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளையே கொள்ளல் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்ட மரபின் பழைய விதிகளுள் ஒன்று. நீதிபதியின் சொந்த விருப்பு வெறுப்புகளுக்கு அது அணையிடுகின்றது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், அப்பொருள் யாருடைய வாழ்வில் இயல்பானது என்னும் வினாவை மலையக வரலாறு எழுப்புகின்றது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எச்சமூகத்தையும் பெயர் சுட்டி விலக்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்தவர் வம்சாவழிப் பிரசையாவதற்குத் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்பதே விதி. பதுளைக்கு இரயில் வந்த 1924 இல், எல்லத் தோட்டமொன்றின் லயத்தில் ஒரு குழந்தை பிறந்தது எனக் கொள்வோம். அதன் தந்தையும் பாட்டனும் தமிழகத்திற் பிறந்தவராயின், எல்லயன்றி வேறு ஊர் அறியாத அவ்வுயிர் 24 ஆம் வயதில் வம்சாவழிப் பிரசை அன்று. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரியதாக்கியது. 1947 இல் ஏழு உறுப்பினரைப் பெற்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் 1952 இல் ஒருவரையும் பெறவில்லை.

ஒரு சமூகத்தினர்க்கு மட்டும் தகுதியீனம் விளைக்கும் சட்டத்தைச் சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு தடுத்திருந்தது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடகன்பிள்ளையின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்க மீளாய்வு அதிகாரி இதன் அடிப்படையிலேயே பணித்தார். 1951 இல் உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. சொற்கள் தெளிவாயிருப்பின் சட்டமியற்றியோரின் உள்நோக்கமோ நடைமுறை விளைவோ ஆராயத்தக்கதன்று என்பது அதன் நிலைப்பாடு. 1953 இல் கோமறைக் கழகமும் இச்சட்டங்களைச் செல்லுபடியாகுமெனக் கொண்டது. மறைமுகமாகத் தடையை மீறும் சட்டம் செல்லாது போகலாம் என ஒப்புக்கொண்ட அக்கழகம், இதனைப் பிரசைகள் யாவரென வரையறுக்கும் சட்டமாகவே கண்டது.

தோட்ட வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாட் கூலியையும் குறிக்கும். 'அரைப்பேர்' என்றால் அரைநாட் கூலி. நாள்தோறும் செக்ரோலில் விழுந்த பெயர் வாக்காளர் இடாப்பில் விழவில்லை. உழைப்பைக் கணக்கிடுங்கால் இந்நாட்டவராயிருந்தவர், உரிமையைக் கணக்கிடுங்கால் அந்நியரானார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியோரின் நிலையை முடிவுக்குக் கொண்டுவர 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வேண்டியிருந்தன.

எனவே, இயல்பான பொருள் என்னும் விதியைக் கைவிடுக என்பது நம் வாதமன்று. தகுதியீனம் என்ற சொல்லின் இயல்பான பொருளை, அதனை அனுபவித்தோரின் வாழ்விலும் தேடியிருத்தல் வேண்டும் என்பதேயாம்.