சுமையைப் பகிரும் குழு

மனக்காயம் பட்டவர்கள், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு ஒன்றாக அமர்ந்து, மனம் திறந்து பேசித் தேறுவதே குழு ஆற்றுப்படுத்துதல். 1905-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட், ஏழைக் காசநோயாளிகளுக்கு நோயைப் பற்றிக் கற்பிக்க அவர்களை ஒன்றுகூட்டினார். அவர்கள் ஒருவருக்கொருவர் ஊக்கம் தருவதைக் கண்டார்.

பயிற்சியாளர் இன்றி, ஒரே துயரம் கொண்டோர் கூடியும் பலன் காணலாம். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரு குடிநோயாளிகள் சந்தித்ததில் 'ஏ.ஏ.' இயக்கம் பிறந்தது. 1939-இல் அங்குள்ள புனித தாமஸ் மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேசியா குடிநோயாளிகளுக்கு இடமளித்தார். குடும்பத்தாருக்கான 'அல்-அனான்' 1951-இல் உருவானது.

இதன் முதல் நன்மை, "எனக்கு மட்டுந்தான் இப்படி" என்ற எண்ணம் அகல்வது. கணவரின் குடியால் கூனிக்குறுகும் மனைவி, அதே வேதனையைக் கடந்து வந்த மற்றொரு பெண்ணிடம் நம்பிக்கை பெறுகிறார். நாளடைவில் தாமும் பிறரைத் தேற்றுகிறார்.

நம் புதுக்கோட்டை மாவட்ட ஊர்களில், வீட்டுத் துயரத்தை வெளியே சொன்னால் மானம் போகும் என்று அஞ்சுகிறோம். அன்பியக் கூட்டங்களில் காய்ச்சலுக்காகச் செபிக்கிறோம். குடி, மனச்சோர்வு பற்றி மௌனம் காக்கிறோம். சொன்னது தெருவுக்குப் போகும் என்றால் யார் வாய் திறப்பார்? அன்பியத்தில் பகிர்ந்தது அங்கேயே தங்கட்டும்.

கடும் மனநோய்க்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மருத்துவ உதவி உடனே தேவை. குழு அதற்கு மாற்று அல்ல. 2010-இல் ஸ்கார்ஃப் நிறுவனம், பேருந்து வழியே தொலைமனநல மருத்துவத்தை நம் மாவட்டக் கிராமங்களுக்கே கொண்டுவந்தது.

எம்மாவு வழியில் இரு சீடர்கள் தம் சோகத்தைப் பேசிக்கொண்டு நடந்தபோதுதான் ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நாமும் பேசுவோம், பிறருக்குச் செவிமடுப்போம்.