நாந்தின் ஆற்று மீனும் மஸ்கடேயும்

பிரான்சில் லுவார் ஆறு கடலை நெருங்கும் நாந்த் வட்டாரத்தின் திராட்சைத் தோட்டங்களை 1709ஆம் ஆண்டின் கடுங்குளிர் அழித்தது. பனியைத் தாங்கும் பர்கண்டியின் மெலோன் கொடி அங்கே பரவியது; பிராந்தி வடிக்க வெள்ளை வைன் தேடிய டச்சு வணிகர்களின் தேவையும் அதற்குத் துணைநின்றது. அந்தக் கொடியின் திராட்சையில் உருவாகும் வைனே மஸ்கடே. 1936இல் இவ்வட்டாரத்தின் செவ்ர் எ மேன் பகுதி மஸ்கடேக்குச் சட்டப்படியான பெயருரிமை கிடைத்தது.

இவ்வட்டார வீடுகளில் பைக் என்னும் ஆற்று மீனை மூலிகை சேர்த்த நீரில் தளதளவெனக் கொதிக்கவிடாமல் வேகவைப்பார்கள். கொதித்தால் மென்சதை உதிர்ந்துவிடும். சின்ன வெங்காயத்தை வினிகரிலோ மஸ்கடேயிலோ சுண்டவைத்து, வெண்ணெயைச் சிறிது சிறிதாக அடித்துச் சேர்த்தால் மீனின் மேல் ஊற்றும் பேர் பிளாங் குழம்பு தயார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற சமையற்கலைஞர் இதை உருவாக்கியதாகச் சொல்வது வழக்கம். இந்த மீனுடன் மஸ்கடேயை அருந்தினால், வெண்ணெயின் திகட்டலை அதன் புளிப்பு போக்கிவிடுகிறது. துவர்ப்பு இல்லாததால் மீனின் நுண்சுவையும் மறைவதில்லை. இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் இணை அரிது.