எழுதப்படாத உரிமைகள்: 21-வது பிரிவின் வரலாறு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பாகம் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடுகிறது. அந்தரங்க உரிமை, வெளிநாடு செல்லும் உரிமை, வாழ்வாதார உரிமை ஆகியவற்றின் பெயர் அதில் இல்லை. இருந்தும் இன்று இம்மூன்றும் அரசமைப்பின் காப்பைப் பெற்றவை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்னும் 21-வது பிரிவிலிருந்தே இவை கிளைத்தன.

அந்தக் கிளைப்பு எளிதில் நடந்துவிடவில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனைச் சென்னை மாநில அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்தது. 1950-ல் அவர் தொடுத்த வழக்கில், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தாலே போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கருதியது. நீதிபதி பசல் அலி மாறுபட்டார்.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் ஆதாரமில்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீசார் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு தொடங்கினர்; நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பினர். அந்த இரவுச் சோதனை செல்லாது என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதைப் பெரும்பான்மை ஏற்கவில்லை. அதை ஏற்று எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ்.

நெருக்கடி நிலையின்போது சுதந்திரம் அடிமட்டத்தைத் தொட்டது. காவலில் உள்ளவர்கள் ஆட்கொணர்வு மனு போடவும் உரிமையில்லை என்று 1976-ல் நான்கு நீதிபதிகள் கூறினர். மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னாவுக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அடுத்த ஆண்டு இன்னொருவருக்குப் போனது.

திருப்பம் 1978-ல் வந்தது. காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டை முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில், நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பானது. 1985-ல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றானது. தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு வழக்கு சென்றது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' முனைந்தபோது சிறைத் துறை அதிகாரி தடுக்கப் பார்த்தார். 1994-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தரங்க உரிமை 21-வது பிரிவில் உள்ளடங்கியது என்றது. ஆனால் அதைக் காட்டி அரசு அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றும் சொன்னது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அறிவித்தனர். பசல் அலி, சுப்பா ராவ், கன்னா ஆகியோரின் மாற்றுக் கருத்துகள் அன்று முழு ஏற்புப் பெற்றன. 1976-ன் பெரும்பான்மைத் தீர்ப்பு தவறானது என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெரும்பான்மையில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், அதைத் தவறென்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.