பாட் வீழ்ச்சி (1997)

தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் நிலையான மாற்று விகிதத்தை 1997 ஜூலை 2 அன்று கைவிட்டதும், அதைத் தொடர்ந்து கிழக்காசிய நாணயங்கள் அடுத்தடுத்துச் சரிந்ததும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

1984 முதல் பாட், டாலரே பெரும்பங்கு வகித்த நாணயத் தொகுப்போடு பிணைக்கப்பட்டு, டாலருக்கு ஏறத்தாழ 25 என்ற அளவில் நின்றது. 1993இல் பாங்காக்கில் பன்னாட்டு வங்கிச் சேவை அனுமதிக்கப்பட்டதும் வெளிநாட்டுக் கடன் தாராளமாகக் கிடைத்தது. உள்ளூர் வட்டியைவிட டாலர் வட்டி குறைவு. விகிதம் அசையாது என்று நம்பியதால், வாங்கியவர்களில் பலர் நாணய இழப்புக்குக் காப்பு எதுவும் செய்துகொள்ளவில்லை. பணத்தில் பெரும்பகுதி மனை வணிகத்துக்குப் போயிற்று. 1996இல் ஏற்றுமதி தேங்கியது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டி இருந்தது.

ஊக வணிகர்கள் இதைக் கவனித்தார்கள். அவர்களுடைய வழி எளிது: பாட்டைக் கடன் வாங்கி விற்று டாலர் சேர்ப்பது. மதிப்பு விழுந்தால் மலிந்த பாட்டில் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். விழாவிட்டால் வட்டியும் சிறு செலவும்தான் நட்டம். இப்படி ஒருபக்கமே சாய்ந்த பந்தயத்தை அமைத்துக் கொடுத்தது நிலையான விகிதம்தான்.

1997 மே நடுவில் விற்பனை உச்சத்தை எட்டியது. மத்திய வங்கி டாலரை விற்றுப் பாட்டைத் தாங்கியது. வெளிநாட்டவருக்குப் பாட் கடன் கிடைப்பதையும் தடுத்தது. ஆனால் பெரும்பகுதியை முன்பேர ஒப்பந்தங்கள் வழியாகவே சமாளித்ததால் இழப்பு வெளியே தெரியவில்லை. ஏட்டில் 30 பில்லியன் டாலருக்கு மேல் கையிருப்பு இருந்தது. அதில் 23 பில்லியனுக்கு மேல் ஏற்கெனவே பிறருக்குத் தருவதாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. ஜூன் 30 அன்று பிரதமர் சவாலித் யோங்சாயுத் மதிப்புக் குறைப்பே இல்லை என்றார். இரண்டு நாளில் பாட் மிதக்கவிடப்பட்டது. 1998 ஜனவரியில் டாலருக்கு 56 வரை சரிந்தது. புதிதாக ஒரு டாலரும் கடன் வாங்காத நிறுவனத்தின் கடன்கூடப் பாட் கணக்கில் இரு மடங்கைத் தாண்டியது. 56 நிதி நிறுவனங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன.

பிலிப்பைன்ஸ் ஜூலை 11இலும், மலேசியா ஜூலை 14இலும், இந்தோனேசியா ஆகஸ்ட் 14இலும் தங்கள் நாணயங்களைத் தாங்குவதை விட்டன. மிகக் கடுமையாக அடிபட்டது இந்தோனேசியா: டாலருக்கு 2,400 அளவில் இருந்த ரூபியா 1998 ஜூனில் 16,000ஐக் கடந்தது. அதற்குள், மே 21இல், அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ பதவி விலகியிருந்தார்.

மலேசியப் பிரதமர் மகாதீர், ஊக வணிகர் ஜார்ஜ் சோரோஸ் போன்றோரே இதற்குக் காரணம் என்றார். சோரோஸின் நிதியம் பாட்டை விற்றது உண்மை. ஆனால் காப்பில்லாக் கடனையும் மறைத்த கணக்கையும் அவர் உண்டாக்கவில்லை. மகாதீர் 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்து, ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என நிறுத்தினார். அந்த விகிதம் 2005 ஜூலை வரை நீடித்தது. தாய்லாந்து பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமையில் அமைந்த 17.2 பில்லியன் டாலர் உதவித் திட்டத்தை ஏற்றது. நிதியத்திடம் பட்ட கடனை 2003இல் கெடுவுக்கு முன்பே அடைத்தது. பாட் பின்னர் ஓரளவு மீண்டாலும் பழைய 25க்குத் திரும்பவில்லை.