பந்தியும் பணமும்: தமிழக உணவு விடுதிகளின் வரலாறு

பசித்த வேளையில் கண்ணில் பட்ட ஓர் உணவு விடுதிக்குள் நுழைந்து, முன்பின் அறியாதவர் எதிரே அமர்ந்து உண்டுவிட்டு, கல்லாவில் பணம் கட்டி வெளியேறுவது இன்றைய தமிழ்நாட்டில் எவரும் யோசித்துச் செய்யும் செயலன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்போ அதற்கு இரண்டு தடைகள் இருந்தன. பசித்தவருக்குச் சோறிடுவது அறம் என்றும் அதையே விலை பேசி விற்பது இழிவு என்றும் இருந்த எண்ணம் முதல் தடை. சமைத்தவர் யார், பரிமாறுபவர் யார், பந்தியில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தே கைநனைத்த சாதி ஒழுங்கு இரண்டாவது. அன்றாடச் சாப்பாடு வீட்டை விட்டுக் கடைக்கு வந்த வரலாறு இவ்விரு தடைகளும் வெவ்வேறு வேகத்தில் தளர்ந்த வரலாறாகும். பணப் புழக்கம் முதல் தடையைச் சில பத்தாண்டுகளில் கரைத்துவிட்டது, இரண்டாவதைக் கரைக்கப் பணம் மட்டும் போதவில்லை.

உணவுப் பண்டங்களை விற்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று என்பதற்கு மதுரையின் கடைத்தெருக்களில் தின்பண்டம் விற்போரைக் காட்டும் மதுரைக்காஞ்சியே சான்றாகும். ஆயினும் பலகாரம் வேறு, சோறு வேறு. வழியில் வாங்கித் தின்னும் பண்டத்துக்கு இருந்த நெகிழ்ச்சி, இலை போட்டு உண்ணும் சோற்றுக்கு இருக்கவில்லை. ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் உறவினர் வீட்டையோ, கட்டுச்சோற்றையோ, சத்திரத்தையோதான் நம்பியிருந்தனர். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்குவதற்கும் உண்பதற்கும் அரசரும் செல்வரும் மானியம் விட்டு நடத்திய அறநிலையமாகும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் நிறுவிய சத்திரங்கள் இவற்றுள் பெயர் பெற்றவை. அவற்றின் நிர்வாகம் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம், அங்கே எல்லாச் சாதியினருக்கும் உணவு வழங்கப்பட்டதைச் சொல்வதோடு, சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் தனியே அளிக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறது. பிறர் சமைத்ததை உண்ணத் தயங்குபவருக்கும் அறத்தின் கணக்கில் இடம் விடப்பட்டிருந்தது என்பதை இந்த ஏற்பாடு காட்டுகிறது. சத்திரம் எவர் பசியையும் தீர்த்தது. எவரையும் ஒரே பந்தியில் அமர்த்தும் பொறுப்பை அது ஏற்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த ஒழுங்கால் தாங்க முடியாத அளவுக்கு மக்கள் இடம்பெயரத் தொடங்கினர். 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியை நோக்கி முதல் இரயில் ஓடியது; அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகமும் 1862-இல் உயர் நீதிமன்றமும் தோன்றின. மாணவர், குமாஸ்தா, வழக்காட வந்தவர், வேலை தேடி வந்தவர் எனக் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த ஆண்களால் ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் நிரம்பின. இவர்கள் மூன்று நாள் தங்கிப் போகும் யாத்திரிகர்கள் அல்லர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கியவர்கள். நாள் தவறாமல் இருவேளைச் சோறு வேண்டியவர்களுக்குத் தருமச் சோறு வழியாகாது. விலைகொடுத்து உண்பதே அவர்களுக்குக் கௌரவமாகவும் பட்டது. இவ்வாறு தோன்றியவையே சாப்பாட்டுக் கடைகளும், காப்பியையும் சிற்றுண்டியையும் விற்ற ‘காப்பி கிளப்’ என்னும் கடைகளும். காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக மாறியதை விரிவாக ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல், அந்தப் பானத்தோடு காப்பி ஓட்டலும் அதற்குள் நிலவிய சாதிப் பாகுபாடும் சேர்ந்தே வளர்ந்ததை எடுத்துக்காட்டுகிறது.

இக்கடைகளில் பெரும்பாலானவற்றின் பெயர்ப் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இடம்பெற்றதற்குச் சாதிப் பெருமிதத்தோடு வணிகக் கணக்கும் காரணமாக இருந்தது. பிராமணர் சமைத்ததை எல்லாச் சாதியினரும் உண்ணலாம், பிறர் சமைத்ததைப் பிராமணர் உண்ணலாகாது என்ற வழக்கம் நிலவிய சமூகத்தில், பிராமணச் சமையற்காரரை அமர்த்திய கடைக்கே வாடிக்கையாளர் கூட்டம் மிகுதியாக வாய்த்தது. தென் கன்னட மாவட்டத்திலிருந்து கிளம்பிய உடுப்பிச் சமையற்காரர்களின் வெற்றிக்கும் இதுவே அடித்தளமாகும். உடுப்பி கிருஷ்ணன் கோயிலையும் அதைச் சார்ந்த மடங்களையும் ஒட்டிப் பெரும் கூட்டத்துக்கு நாள்தோறும் சமைத்துப் பழகிய இவர்கள், வேலை தேடிச் சென்னை, மைசூர், பம்பாய் எனப் பரவினர். அவர்களுள் ஒருவரான கே. கிருஷ்ணராவ் சிறுவயதில் சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கி, 1920-களில் சென்னை ஆச்சாரப்பன் தெருவில் உணவு விடுதி நடத்தி, பின்னர் மவுண்ட் ரோட்டுக்கு நகர்ந்து, 1938-இல் இராயப்பேட்டையில் ‘உட்லண்ட்ஸ்’ என்ற மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து அதே பெயரில் ஓட்டல் தொடங்கினார். 1962-இல் கதீட்ரல் சாலையில் அவர் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரில் அமர்ந்தபடியே உண்ணும் வசதியை நகருக்கு அறிமுகப்படுத்தியது. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசும் எழுத்தாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் திரைத்துறையினருக்கும் அதுவே சந்திப்பிடமாக விளங்கியது. 2008-இல் அது மூடப்பட்டு, அந்த நிலத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

பணம் கொடுத்தவருக்குச் சோறு உண்டு என்ற நிலை வந்த பின்பும், எங்கே அமர்ந்து உண்பது என்பதைச் சாதியே தீர்மானித்தது. பிராமணருக்குத் தனிக் கூடமும் மற்றவருக்கு வேறு கூடமும் ஒதுக்கிய கடைகள் பல. தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலான கடைகளில் நுழைவே மறுக்கப்பட்டது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினை நீடித்தமையால், நீதிக்கட்சியினரும் சுயமரியாதை இயக்கத்தினரும் தொடர்ந்து அதைக் கண்டித்து வந்தனர். தென்னிந்திய இரயில்வே 1941-இல் அப்பிரிவினையைக் கைவிட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி, மதம் முதலியவற்றைக் காட்டி எவரையும் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தது. கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு ஓட்டலையும் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்பதே அக்காலத்து நிலைமைக்குச் சான்றாகும். சட்டம் வந்த பிறகும் பலகைகள் மாறாத நிலையில், 1957-இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு ‘பிராமணாள்’ பெயர் அழிப்புப் போராட்டத்தைத் தொடங்கினார். பல மாதங்கள் நாள்தோறும் மறியல் நடந்து, நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற பின்னரே அந்தச் சொல் அங்கிருந்து நீங்கியது. நகரத்தில் பலகைகள் மாறியபோதும், சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை வைக்கும் ‘இரட்டைக் குவளை’ முறை அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

காப்பி கிளப்புகளின் வரலாற்றுக்கு இணையாகவும் பெரும்பாலும் அதற்கு வெளியிலும் வளர்ந்தவை புலால் உணவு விடுதிகள். பட்டாளத்துக்காரர் இறைச்சி உண்பவர் என்ற எண்ணத்தை ஒட்டி ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று இவை அழைக்கப்பட்டதாகப் பொதுவாகக் கருதுவர். இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது முனியாண்டி விலாஸ் என்ற பெயராகும். எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதாக இல்லாமல், மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் ஊர்க் காவல் தெய்வத்தின் பெயரில் ஆங்காங்கே தனித்தனியே நடத்தும் கடைகளின் பெயர் அது. 1930-களில் காரைக்குடியில் தொடங்கப்பட்ட கடை அவற்றுள் முதலாவதாகக் கூறப்படுகிறது. ஒரு கடையில் வேலை பழகியவர் அடுத்த ஊரில் சொந்தக் கடை திறப்பது, அங்கே உறவினரை வேலைக்கு அழைத்துக்கொள்வது என்ற முறையில் அவை பரவின. நாள்தோறும் முதல் வியாபாரத்தில் வரும் பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைக்கும் இவர்கள், ஆண்டுக்கொரு முறை வடக்கம்பட்டியில் கூடி, கிடாயும் சேவலும் அறுத்து விடிய விடியப் பிரியாணி சமைத்து, வருவோர் அனைவருக்கும் அதையே பிரசாதமாக வழங்குகின்றனர். ஆண்டு முழுவதும் விற்ற சோற்றை ஒரு நாள் விலையின்றி இடும் இந்த வழக்கத்தில், சத்திரத்து அறமும் கடைத்தெரு வணிகமும் ஒன்றையொன்று விலக்காமல் நிற்கின்றன. 1951-இல் மவுண்ட் ரோட்டில் திறக்கப்பட்ட புகாரி ஓட்டலும், 1957-இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ‘ஆனந்த விலாஸ்’ என்ற பெயரில் தொடங்கி, பின்னர் அவரது தலைப்பாகையால் பெயர் பெற்ற தலப்பாக்கட்டிப் பிரியாணிக் கடையும் புலால் உணவை அன்றாட நகர உணவின் ஒரு பகுதியாக்கின.

ஓட்டலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்டதாக நின்றது ‘மெஸ்’. மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியவர்களுக்கு ஒரே அடுக்களையிலிருந்து குறித்த நேரத்தில் சோறு போடும் இடம் இது. வீட்டின் முன்கட்டிலேயே நடத்த முடிந்ததாலும் பெருமுதல் தேவைப்படாததாலும், கணவரை இழந்தவர் உள்ளிட்ட பெண்கள் சம்பாத்தியத்துக்கு வழியாகக் கொண்ட சில தொழில்களுள் இதுவும் ஒன்றாயிற்று. மாமி மெஸ், ஆச்சி மெஸ் என்ற பெயர்கள் அவ்வாறு நிலைத்தவையே. திருவல்லிக்கேணியில் மணமாகாத இளைஞர்கள் அறைக்கு இருவர் மூவராகத் தங்கிய ‘மேன்ஷன்’ என்னும் விடுதிகள் பெருகியபோது, அவர்களை நம்பி மெஸ்களும் பெருகின. அங்குள்ள காசி விநாயகா மெஸ்ஸில் சாப்பிட வருபவர், டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவிலேயே காத்திருந்து, தம் எண் அழைக்கப்பட்டதும் உள்ளே போய், காலியான இருக்கையில் அமர வேண்டும்; சாம்பார், இரசம், மோர் என்று வரிசை மாறாமல் வந்து முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை எண்ணிட்ட அட்டை தீர்மானித்ததே தவிரப் பிறப்பு தீர்மானிக்கவில்லை. அதே பகுதியில் 1948-இல் தொடங்கிய இரத்னா கபேயில், தட்டிலுள்ள இட்லி மூழ்கும் வரை சாம்பாரை ஊற்றுவதும், கேட்கக் கேட்க மீண்டும் ஊற்றுவதும் மரபாயிற்று. வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தமிழரின் சாம்பாருக்குப் பெயர் வாங்கிய கடை அது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னாலிருந்த உழைப்பு சமையற்கட்டோடு மறைந்திருந்தது. நூற்றுக்கணக்கானோருக்கு வேண்டிய இட்லி, தோசை மாவை ஆட்டுரலில் கையால் அரைக்க வேண்டியிருந்ததால், முன்னிரவிலிருந்து மாவாட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். 1955-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கல்லை உருவாக்கிய பிறகே அந்த வேலை படிப்படியாக இயந்திரத்துக்கு மாறியது. பலகாரங்களுக்குப் பொறுப்பான சரக்கு மாஸ்டர், பரிமாறும் சப்ளையர், இலை எடுத்து மேசை துடைக்கும் சிறுவன் என்று அடுக்கப்பட்ட தொழிலாளரின் வேலை நேரத்தையும் விடுப்பையும் வரையறுக்க 1958-இல் உணவு நிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. மேசை துடைக்கச் சிறுவர்களை அமர்த்துவது 2006 அக்டோபரில்தான் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. இன்று அந்த இடத்தில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களைக் காணலாம். ஒரு காலத்தில் உடுப்பியிலிருந்து வந்தவர்களைப் போலவே இவர்களும் தொலைவூர்ப் பிழைப்புக்கு ஓட்டல் சமையற்கட்டையே முதல் படியாகக் கொண்டுள்ளனர்.

1981-இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன், பின்னர் வெளிநாடுகளிலும் கிளை பரப்பி, எந்தக் கிளையிலும் ஒரே சுவை என்ற நிலையை வணிக முறையாக்கியது. இதே காலப்பகுதியில் பரவலான குளிரூட்டப்பட்ட கூடம், பழைய பிரிவினையை வேறொரு வடிவில் கொண்டுவந்தது எனலாம்: ஒரே அடுக்களையில் ஒரே கல்லில் வார்த்த தோசைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு விலையும் அந்தப் பக்கம் வேறு விலையும் வைக்கப்பட்டன. சாதியால் பிரிந்திருந்த கூடங்கள் மறைந்த இடத்தில் வருவாயால் பிரிந்த கூடங்கள் எழுந்தன. முன்னையதில் பிறப்பு மாறினாலொழியக் கதவு திறக்காது, பின்னையதில் பணம் இருந்தால் திறக்கும் என்பது சிறிய வேறுபாடன்று. ஆனால் அந்தப் பணம் இல்லாதவர்களுக்கு, தள்ளுவண்டியில் விற்கும் சோற்றை நின்றபடியே கையில் ஏந்தி உண்ணும் ‘கையேந்தி பவன்’களே எஞ்சின.

இந்த இடைவெளியில்தான் 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும், தயிர் சாதம் 3 ரூபாய்க்கும் விற்கப்பட்ட இக்கூடங்களில் சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுவினர் பொறுப்பாயின. கட்டடத் தொழிலாளரும், ஆட்டோ ஓட்டுநரும், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவரும் வந்து உண்ணும் இவ்வுணவகங்களைச் சத்திரத்தின் மறுபிறப்பு என்று சொல்லிவிட இயலாது. விலை எவ்வளவு குறைந்தாலும் விலையென ஒன்று இருப்பதால், உண்பவர் இரப்பவராகாமல் வாங்குபவராகவே நிற்கிறார். அரசு அறத்தையும் கடை வழக்கத்தையும் இணைத்த ஏற்பாடு இது. யார் சமைத்தது என்ற கேள்வியையும் அது பொருளற்றதாக்கியது.

கைப்பேசி வழியாகச் சாப்பாட்டை வீட்டுக்கே வரவழைக்கும் வழக்கம் பெருகிவரும் இன்றைய நிலையில், உணவு விடுதியின் சமையற்கட்டு மட்டும் நிலைத்து, அதன் கூடம் சுருங்கும் வாய்ப்பு உண்டு. அவ்வாறு நேருமாயின் சுவைக்கோ விலைக்கோ பெரிய இழப்பு வராது. வாங்குபவரின் வசதியும் கூடும். தமிழ்ச் சமூகத்தில் உணவு விடுதி ஆற்றிய பெரும்பணி சமைத்துக் கொடுத்ததோடு முடியவில்லை. உறவும் ஊரும் சாதியும் வேறான மனிதரை ஒரே மேசைக்கு வரவழைத்ததில்தான் அது இருந்தது. பணம் தொடங்கி வைத்து, போராட்டமும் சட்டமும் முன்னெடுத்த அந்தப் பணி முழுமை பெறுவதற்கு முன்பே பொதுப் பந்தி கலையுமானால், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள் உண்ணும் பழைய ஒழுங்கே பொட்டலச் சாப்பாட்டின் வடிவில் திரும்பும் என்பதை இவ்வரலாற்றை நோக்குவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.